பழைய ஃபோர்வீலுக்குப் பின்பக்கப் பட்டை தேடும் கதை

மலேசியாவின் செபராங் பிறையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டில் பழைய ஹைலக்ஸுக்கு எஞ்சின் வேண்டுமென்றால் இரண்டு போன் போட்டால் கிடைத்துவிடும். கியர்பாக்ஸும் அப்படியே. ஆனால் பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இருக்கிறதா, அதன் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிள் இருக்கிறதா, அதற்குள் போடும் புஷ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்துச் சொல்றேன் பாஸ்" என்பார்கள். திரும்பக் கூப்பிடுவது அபூர்வம்.

என் வண்டி 2006ஆம் வருடத்து ஹைலக்ஸ். 2.5 லிட்டர் டீசல், கே.யு.என்.25 ரகம். அதன் பின்பக்கத்தை முழுதாக மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் பதினைந்து இருபது வருட ஃபோர்வீலை வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். செம்பனைக் குலை ஏற்றுகிறவர்கள், புல் வெட்டும் குத்தகை எடுத்தவர்கள், புக்கிட் தம்புனிலிருந்து மீன் எடுத்துப் போகிறவர்கள், கல்யாணத்துக்குக் கூடாரமும் நாற்காலியும் கொண்டுபோகிறவர்கள். புது வண்டிக்குத் தவணை கட்டுவது இவர்களில் பலருக்கு முடிகிற காரியம் இல்லை. பழைய வண்டி ஓடியாக வேண்டும். அது ஓட வேண்டுமென்றால் பின்பக்கம் நன்றாக இருக்க வேண்டும். இதைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கே வைக்கிறேன்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். என்னுடையது பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. மேட்டில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒற்றைச் சத்தம் வரும். பாரம் ஏற்றினால் சத்தம் நின்றுவிடும், காலியாக ஓட்டினால் மறுபடி வரும். இந்த வித்தியாசம் முக்கியமானது. காலி வண்டியில் வந்து பாரத்தில் அடங்குகிற சத்தம் பெரும்பாலும் புஷ், ஷேக்கிள், அப்சோர்பர் மாட்டும் இடம் ஆகியவற்றின் தளர்ச்சி. பாரம் ஏற்றினால்தான் வரும் சத்தமென்றால் பட்டை உட்கார்ந்துபோய் ஆக்ஸில் மேலே இடிக்கிறது, அல்லது பட்டை ஒன்று உடைந்திருக்கிறது. பட்டறைக்காரரிடம் போய் "பின்னாடி சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவர் அப்சோர்பரைத்தான் முதலில் மாற்றுவார், கழற்றிப் பூட்ட அதுதான் சுலபம். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டியை உயர்த்தி, தண்ணீர் அடித்துக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, அதன்பிறகு விளக்கடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய புஷ்ஷின் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே தொங்கியது. இரண்டாவது பட்டையில் சென்டர் போல்ட்டுக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அதன் ஓரத்தில் செம்பழுப்புத் துரு. சேற்றோடு பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. விரிசலுக்குள் ஈரம் போய், பட்டை வளைந்து நிமிரும்போதெல்லாம் துருவைத் துப்பியிருக்கிறது. சுற்றிலும் கறுப்பாக இருக்கும் இரும்பில் ஒற்றைச் சிவப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. பட்டையைச் சேசிஸில் மாட்டும் முன் ஹேங்கர் நன்றாக இருந்தது, பின் ஹேங்கரோ செதில் செதிலாக உரிந்தது. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் மீன் ஏற்றியவர். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின்கதவின் இடுக்கு வழியாக வருடக்கணக்கில் நேராக அங்கேதான் வடிந்திருக்கிறது. புக்கிட் தம்புன், பத்து காவான் பக்கம் மீனும் இறாலும் ஏற்றிய வண்டியை வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும்.

விரிசல் விட்ட பட்டையோடு ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2014 நவம்பரில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2005 முதல் 2011 வரை தயாரான டக்கோமா பிக்கப்களை, ஏறத்தாழ 690,000 வண்டிகளை, திரும்ப அழைத்தது. பின்பக்கப் பட்டை அழுத்தத்தாலும் துருவாலும் உடையலாம், உடைந்த துண்டு இடம் பெயர்ந்து பெட்ரோல் டாங்க் உட்பட பக்கத்திலிருக்கும் பாகங்களைக் குத்தலாம் என்பதே காரணம். டக்கோமா நம் ஊருக்கு வராத வண்டிதான். ஆனால் பட்டை, துரு, அழுத்தம் மூன்றும் இங்கேயும் அதேதான்.

இப்போது தேடும் கதைக்கு வருகிறேன்.

மலேசியாவில் பழைய வண்டிக்குப் பாகம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஹாஃப் கட் கடை. ஜப்பானில் வாகனப் பரிசோதனை கண்டிப்பானது. வண்டி பழசாக ஆகச் செலவு கூடும் என்பதால் நன்றாக ஓடுகிற வண்டிகளையே அங்கே கழித்துவிடுகிறார்கள். அவற்றை வெட்டிக் கப்பலில் பாகங்களாக இங்கே இறக்குகிறார்கள். செபராங் பிறை முழுக்க இந்த வியாபாரம் நடக்கிறது. எஞ்சினுக்கு நல்ல இடம், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் பின்பக்கத்துக்கு அங்கே அலைந்து பயனில்லை. காரணம் இரண்டு.

முதல் காரணம், வெட்டி அனுப்புவது பெரும்பாலும் முன்பாதியை. எஞ்சின், கியர்பாக்ஸ், டாஷ்போர்டு, ஒயரிங், முன்சக்கரத் தொகுதி எல்லாம் அதில் இருக்கும். பட்டையும் ஷேக்கிளும் மறுபாதியோடு அங்கேயே தங்கிவிடும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. நாம் வீகோ என்று சொல்லும் ஹைலக்ஸ், என்னுடையதும் அதுதான், ஜப்பானில் விற்கப்படவே இல்லை. டொயோட்டா 2004இல் ஐ.எம்.வி. என்ற திட்டத்தில் பிக்கப் தயாரிப்பைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோனது. அந்த வருடம் ஆகஸ்டில் வீகோ அங்கே வெளிவந்தது. ஜப்பானில் ஹைலக்ஸ் விற்பனை 2004இல் நின்றது. 2017இல்தான், அதுவும் தாய்லாந்தில் செய்து இறக்கிய வண்டியாக, அங்கே திரும்பப் போனது. நம் ஊருக்கு வீகோ 2005இல் வந்தது, ஷா ஆலாமில் பொருத்தினார்கள். ஆக, ஜப்பானிலிருந்து வரும் கண்டெய்னரில் வீகோவின் பட்டையைத் தேடுவதில் அர்த்தமில்லை. 2004க்கு முந்திய எல்.என். ரக ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அங்கே ஓரளவு வாய்ப்பு உண்டு.

ஹாஃப் கட் பற்றிப் பேசும்போது 2009ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வருடம் அக்டோபரில் அறிவித்த தேசிய வாகனக் கொள்கையில், 2011 ஜூன் முதல் பழைய பாகங்களின் இறக்குமதிக்குத் தடை என்று சொல்லியிருந்தார்கள். 15 வருடம் தாண்டிய வண்டிகள் வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, பரிசோதனை விதியை அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள். பாகங்களுக்கான தடையும் சொன்னபடி வரவில்லை. வந்திருந்தால் இந்த வட்டாரத்தில் எத்தனை தொழில் நின்றுபோயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பழைய வண்டி ஏழையின் முதல். அதற்குப் பாகம் கிடைப்பது ஒரு பெரிய விஷயம்.

சரி, வேறு எங்கே போவது? அசல் பாகம் விற்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத்தான் நான் முதலில் போனேன். அங்கே போகிறவர்கள் வண்டியின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லப் பழக வேண்டும். டொயோட்டாவின் பாக எண் ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து இடம் என்று இருக்கும். முதல் ஐந்து அது என்ன பாகம் என்று சொல்லும். 48210 என்றால் பின்பட்டைத் தொகுதி, 48531 என்றால் பின் அப்சோர்பர். கோட்டுக்குப் பின்னால் வருவது எந்த வண்டிக்கு, எந்த மாற்றம் என்று சொல்லும். அங்கே பூஜ்யமும் 'கே'யும் சேர்ந்து வந்தால் அது ஐ.எம்.வி. குடும்பம், அதாவது வீகோவும் அதன் உறவுகளும். 35 என்று தொடங்கினால் பழைய ஹைலக்ஸ். இதைத் தெரிந்துகொண்டால் வேறு வண்டியின் பாகத்தை யாராவது நம் தலையில் கட்டும்போது டப்பாவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சேசிஸ் எண்ணைக் கடையில் கொடுத்தால் அவர்களே கணினியில் சரியான எண்ணை எடுத்துத் தருவார்கள். வண்டியின் உரிமைப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருப்பது நல்லது.

அசல் பட்டைத் தொகுதியின் விலையைக் கேட்டதும் நான் புஷ்ஷை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் கருத்தில் அதுவே சரியான பங்கீடு. புஷ்ஷை அசலாக வாங்குங்கள், பட்டையை ஸ்பிரிங் கடையில் வாங்குங்கள். ரப்பரின் தரம் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக இருக்கும்போது எல்லாமே கறுப்பாகப் பளபளப்பாகத்தான் இருக்கும். மலிவானது ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் விரிந்துவிடும், அதை மாற்றும் கூலியோ அசலுக்கும் மலிவுக்கும் ஒன்றுதான். என் வண்டியில் பட்டையின் முன் கண்ணில், அதாவது முனையில் சுருட்டியிருக்கும் துளையில், இருப்பது பிரஸ் போட்டு இறக்க வேண்டிய புஷ். ஷேக்கிள் பக்கம் இருப்பவை இரண்டு பக்கமிருந்தும் கையால் தள்ளிப் போடும் துண்டுகள். முன் கண் புஷ்ஷை ஒருமுறை போட்டால் மறுபடி கழற்ற யாருக்கும் மனம் வராது, அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அழகாக இருக்கும், சீக்கிரம் நசுங்காது. ஆனால் அதற்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசி உள்ளே போனால் கிறீச்சிடும். உழைக்கிற வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

ஸ்பிரிங் கடை என்று சொன்னேன் இல்லையா, இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். லோரிக்குப் பட்டை கட்டும் கடைகள் நம் செபராங் பிறைப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் லோரிகள் நிற்கிற சாலையோரத்தில், தகரக் கூரை போட்டு, வாசலில் பழைய பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஃபோர்வீல்காரர்கள் இந்தக் கடைகளைக் கண்டுகொள்வதில்லை, லோரிக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் போன கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, வயதானவர். மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசுவார், நடுவே இரண்டு தமிழ்ச் சொல்லும் வரும். "ஹைலக்ஸுக்குப் பட்டை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் குனிந்தார். "பேர் சொல்லாதே அண்ணே, அளவு கொடு" என்றார்.

அவர் எடுத்த அளவுகள் இவை. கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை பட்டையின் வளைவோடு சேர்த்து நீளம். முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை தனியாக ஒரு நீளம். போல்ட் பட்டைக்குச் சரிநடுவில் இருப்பதில்லை, முன்பகுதி குட்டையாகவும் பின்பகுதி நீளமாகவும் இருக்கும். இந்த அளவு தவறினால் ஆக்ஸிலே முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிடும். பிறகு அகலம். ஹைலக்ஸில் அது 60 மில்லிமீட்டர். கண்ணின் உள்விட்டம். கடைசியாக ஒவ்வொரு பட்டையின் கனம், அதை மட்டும் வெர்னியர் வைத்து எடுத்தார். துருப் பிடித்த இடத்தில் எடுக்காமல், அடுத்த பட்டை மூடியிருந்து சுத்தமாக இருந்த இடத்தில் எடுத்தார்.

கனத்துக்கு ஏன் அவ்வளவு கவனம் என்று அப்போது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அசந்துபோனேன். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 7 மில்லிமீட்டர் பட்டைக்கு ஏழேழு நாற்பத்தொன்பது, அதை மறுபடி ஏழால் பெருக்கினால் 343. 8 மில்லிமீட்டருக்கு அதே கணக்கில் 512. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் அந்தப் பட்டை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைத்துவிடுகிறது. அகலம் கூடினால் விறைப்பு அதே அளவுக்குத்தான் கூடும். "கொஞ்சம் தடிப்பா போட்டுடலாம், நல்லா தாங்கும்" என்று பட்டறையில் சுலபமாகச் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேளுங்கள். காலி வண்டி குழியில் குதிப்பதற்கும், மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கிப் போவதற்கும் இந்த ஒரு மில்லிமீட்டர் காரணமாக இருக்கலாம்.

தவுக்கேயிடம் இரண்டு வழி இருந்தது. இருக்கிற பட்டையைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்து வளைவைத் திரும்பக் கொடுப்பது ஒன்று. செலவு குறைவு. ஆனால் இரும்பு ஏற்கெனவே களைத்தது. வளைத்துக் கொடுத்த உயரம் சில மாதம் நிற்கும், பாரம் ஏற்ற ஏற்ற மறுபடி உட்காரும். விரிசல் இருக்கும் பட்டைக்கு அது கூடவே கூடாது. புதுப் பட்டை போடுவது இன்னொரு வழி. நான் இரண்டாவதை எடுத்தேன்.

மலேசியாவில் பட்டை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஏ.பி.எம். நிறுவனம் இங்கேயே லோரிக்கும் பிக்கப்புக்கும் பட்டை செய்கிறது, ஏற்றுமதியும் செய்கிறது. ஸ்பிரிங் கடைகளில் இப்படி ஆலையில் செய்த தனிப் பட்டைகளை நீளம், அகலம், கனம் வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். பொருந்துவதை எடுத்து, நீளத்துக்கு வெட்டி, துளை போட்டு, கவ்வி அடித்துத் தொகுதியாகக் கட்டித் தருவார்கள். பட்டைக்குப் பயன்படும் எஃகு சாதாரண இரும்பு இல்லை. ஜப்பானிய அளவுகோலில் எஸ்.யு.பி.9 என்று சொல்லும் குரோமியம், மாங்கனீஸ் கலந்த ஸ்பிரிங் எஃகு அதில் ஒன்று. சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றி அதன் பதத்தைக் கொண்டு வருகிறார்கள். அந்தப் பதம்தான் பட்டையின் உயிர். அதனால்தான் பட்டையை வெல்டிங் செய்யக் கூடாது. வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும். எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு பழக்கமான வெல்டராக இருந்தாலும், இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்று அந்தக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டைகளை அளவு வரிசையில் அடுக்கி, துளைகளுக்குள் நீண்ட கம்பி ஒன்றை விட்டு நேராக்கி, பெரிய வைஸில் வைத்து இறுக்குகிறார். வளைவு வேறுவேறாக இருப்பதால் முதலில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. இறுக்க இறுக்க அது மூடிக்கொண்டே வருகிறது. கீழே இருக்கும் குட்டைப் பட்டைக்கு வளைவு அதிகம் வைப்பது தொகுதி ஒன்றோடொன்று அழுந்தி நிற்பதற்காக. முழுக்க மூடியதும் கம்பியை எடுத்துவிட்டு சென்டர் போல்ட்டைப் போடுகிறார். போல்ட்டின் தலையைக் காட்டி, அது ஆக்ஸில் மேலிருக்கும் குழியில் உட்கார வேண்டும் என்றார். இந்தச் சின்னத் தலைதான் ஆக்ஸிலை அதன் இடத்தில் வைத்திருக்கிறது. பழைய போல்ட்டை மறுபடி போடச் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர்கள் உண்டாம். அவர் போடுவதில்லை என்றார். இப்படி ஒரு தொழில்காரரைப் பார்ப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

அப்சோர்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வாங்குங்கள், ஜோடியாக வாங்குங்கள். பழைய அப்சோர்பரை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் எண்ணெயும் சீலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. கே.ஒய்.பி. போன்ற பெயர்பெற்றவை எல்லாக் கடையிலும் கிடைக்கும். இணையத்தில் பாதி விலைக்கு வருகிற டப்பாக்களில் போலிகள் உண்டு, அச்சின் தெளிவையும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

தாய்லாந்தின் ஹாட்யாய் பற்றிக் கேட்பீர்கள். இங்கிருந்து புக்கிட் காயூ ஹீத்தாம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. பிக்கப்பின் தாய்வீடு தாய்லாந்து என்பதால் அங்கே வீகோவுக்கும் டி-மேக்ஸுக்கும் இல்லாத பாகமில்லை, வட மாநிலக் கடைகளில் இருக்கும் சரக்கில் கணிசமானது அந்தப் பக்கத்திலிருந்து வருவதே. ஷேக்கிள், யு போல்ட் போன்றவற்றுக்கு நல்ல இடம். பட்டை வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அங்கே ஒற்றைக் கேபின் வண்டியைப் பாரம் ஏற்றவே வாங்குகிறார்கள், அதன் பட்டை வேறு. டபுள் கேபினுக்கு அதைப் போட்டால் பின்னிருக்கையில் உட்கார்கிறவர்கள் பாடு திண்டாட்டம். தவுக்கே சொன்னதுதான் அங்கேயும் சட்டம், அளவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மிட்சுபிஷி ஸ்டோர்ம், பழைய இசுசு, நிசான் ஃப்ரான்டியர் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஏனென்றால் பட்டைக்கு வண்டியின் பெயர் தேவையில்லை. ஆனால் 2015க்குப் பிறகு இங்கே வந்த நவாரா டபுள் கேபின் காயில் ஸ்பிரிங் வண்டி, அதற்கு இந்தக் கடைகளால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய முறையின் அருமை அங்கேதான் தெரிகிறது. எங்கோ தூரத்திலிருக்கும் ஆலை அந்தப் பாகத்தைச் செய்வதை நிறுத்தினாலும், நம் சாலையோரத்தில் ஒருவர் அளந்து கட்டித் தந்துவிடுகிறார்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட் புதிது போட வேண்டும். ஒருமுறை முழு இறுக்கம் வாங்கிய யு போல்ட் நீண்டிருக்கும், மரை தேய்ந்திருக்கும். போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் குறையும்.

கண்ணிலும் ஷேக்கிளிலும் இருக்கும் நட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், அசல் புஷ்ஷாக இருந்தாலும் சீக்கிரம் கிழியும். கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து, இரண்டு முறை ஆட்டிவிட்டு, அதன்பிறகு இறுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று தம்பிகள் சொல்வார்கள். விடாதீர்கள்.

அடுத்தது பிரேக். ஏ.பி.எஸ். இல்லாத பல பழைய பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து சேசிஸில் இருக்கும் ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். உயர்ந்தால் காலி வண்டி என்று குறைக்கும். பட்டை உட்கார்ந்துபோன வண்டியில் காலியாக ஓட்டும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ள இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், ஸ்டைலுக்காகப் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்துகிறவர்களுக்கு ஒரு டன் ஏற்றினாலும் பின் பிரேக் அரைகுறையாகவே பிடிக்கும். பட்டை மாற்றினால் இந்தக் கம்பியின் அளவைச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சிம்பாங் அம்பாட் வழியாகப் போகிற கூட்டரசுச் சாலையில் இப்போது பத்து காவான் தொழிற்பேட்டை லோரிகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்த நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது.

உயர்த்துவது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் சஸ்பென்ஷனை மாற்றினால் பரிசோதனையில் பிடிபடும் என்பது ஒருபக்கம். அதிகப் பாரத்துக்காகப் பட்டை சேர்ப்பது இன்னும் மோசம். பட்டை தாங்கிவிடும், ஆனால் சேசிஸ், ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எதுவும் அந்தப் பாரத்துக்காகச் செய்ததில்லை. நிறுவன வண்டிகளின் கதவில் பி.டி.எம். (BDM) என்று எழுதியிருக்கும் மொத்த எடைதான் எல்லை, பட்டை சேர்த்ததால் அந்த எண் மாறாது.

கடைசியாக எனக்குச் சுலபத்தில் தீராமல் இழுத்தடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஹேங்கர். பட்டையைக் கட்டிக்கொள்ளலாம், புஷ் அசலாகக் கிடைக்கும், ஷேக்கிளுக்குத் தாய்லாந்து இருக்கிறது. சேசிஸோடு சேர்ந்திருக்கும் அந்தக் கொண்டியை மட்டும் தனியாக யாரும் அடுக்கி வைத்து விற்பதில்லை. என் வண்டிக்கு நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், முன்பக்கம் நசுங்கிக் கழித்துப் போட்டிருந்த வீகோவிலிருந்து அதைச் சேசிஸ் துண்டோடு வெட்டி எடுத்தோம். அன்று மாலையே அந்த வண்டி நசுக்கப் போக இருந்தது. கொண்டி அரிக்காமல் சுத்தமாக இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். செபராங் பிறையில் யாராவது பழைய ஃபோர்வீலை எடைக்குப் போடப்போகிறீர்கள் என்றால், போடுவதற்கு முன் பின்பக்கக் கொண்டிகள் நான்கையும் ஷேக்கிள்களையும் வெட்டி எடுத்து எண்ணெய் தடவி வையுங்கள். எடைக்கு அது ஒரு சில வெள்ளிதான். தேடுகிறவர் கையில் சேர்ந்தால் இன்னொரு குடும்பத்தின் வண்டி ஓடும். அப்படி வைத்திருப்பவர்கள் பின்னூட்டத்தில் வண்டியின் ரகத்தையும் வருடத்தையும் எழுதுங்கள். தேடுகிறவர்களும் எழுதுங்கள், நான் சேர்த்துவைக்கிறேன்.